தேநீர்-குதிரைப் பாதையில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுன்னானிலிருந்தும் சிச்சுவானிலிருந்தும் கிளம்பி, காம் எனப்படும் கிழக்குத் திபெத்தைக் கடந்து லாசா வரை சென்ற பழைய தேயிலை வணிகப் பாதையைப் பற்றிப் பேச்செடுத்தால், போக ஆசைப்படுவோர் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவை முதலும் சிக்கலானவை பின்னுமாக வரிசைப்படுத்தியிருக்கிறேன். என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லாசாவை மட்டும் இலக்காக வைத்துப் புறப்படுகிறவர்கள் இந்தப் பாதையின் மிக வளமான பகுதியை வண்டியின் சன்னல் வழியாகப் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். பாதையின் உயிர் காம் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது. கீழேயுள்ள விடைகள் பலவும் இந்த எண்ணத்தை ஒட்டியே எழுதப்பட்டவை.

தேநீர்-குதிரைப் பாதை என்றால் என்ன? தேயிலைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

திபெத்தியப் பீடபூமியில் பார்லியும் இறைச்சியும் வெண்ணெயும் கிடைத்தன. கீரையும் காய்கறியும் அரிது. அந்த உணவோடு தேநீர் நன்றாகப் பொருந்தியது. ஆனால் அந்தக் குளிரில் தேயிலைச் செடி வளராது. சீனாவின் சோங் அரசுக்கோ நேர்மாறான குறை. வடக்கு மேய்ச்சல் நிலங்கள் பிறர் கையில் இருந்ததால் போர்க்குதிரைகளுக்குக் கடும் தட்டுப்பாடு. இந்த இரண்டு தேவைகளும் சந்தித்ததில் பிறந்ததே இவ்வணிகம். 1074ஆம் ஆண்டு சோங் அரசு சிச்சுவானில் தேயிலையைக் கொடுத்துக் குதிரை வாங்குவதற்கென்றே தனி அலுவலகம் அமைத்தது. மிங் அரசும் இம்முறையைத் தொடர்ந்தது.

சிங் ஆட்சியில் மங்கோலியப் புல்வெளிகளே பேரரசுக்குள் வந்துவிட்டதால் குதிரைத் தட்டுப்பாடு தீர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் அரசின் பண்டமாற்று ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. தேயிலை வணிகமோ அதற்குப் பிறகுதான் பெருகியது. கம்பளி, கஸ்தூரி, மூலிகை, தோல் ஆகியவை கீழே இறங்க, தேயிலை மேலே ஏறியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. இன்று வழங்கும் பெயர், 1990களில் யுன்னான் ஆய்வாளர்கள் வழியாகப் பரவியது.

இதுவும் பட்டுப் பாதையும் ஒன்றுதானே?

இல்லை. பட்டுப் பாதை வடமேற்கே பாலைவனங்களின் ஓரமாக நடு ஆசியாவை நோக்கிப் போனது. இது தென்மேற்கே மழைக்காடுகளிலிருந்து தொடங்கி, ஆற்றுப் பள்ளங்களையும் பனிக் கணவாய்களையும் தாண்டித் திபெத்துக்குள் ஏறியது. சுற்றுலா விளம்பரங்களில் ‘தெற்குப் பட்டுப் பாதை’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டே பலர் குழம்புகிறார்கள்.

வரைபடத்தில் தேடினால் நான்கைந்து கோடுகள் வருகின்றன. உண்மையான பாதை எது?

எல்லாமே உண்மையானவைதான். இது ஒற்றைச் சாலையன்று. கிளைகளும் குறுக்கு வழிகளும் நிறைந்த வலை. பயணிகள் இரண்டு பெரும் தடங்களை நினைவில் வைத்தால் போதும். யுன்னான் தடம் பூஅர் தேயிலை விளையும் தெற்கு மலைகளிலிருந்து டாலி, ஷாசி, லிஜியாங், இன்று ஷாங்கிரி-லா என்று பெயர் மாற்றப்பட்டுள்ள ஜோங்டியென், தெச்சின் வழியாக வடக்கே ஏறுகிறது. சிச்சுவான் தடம் யாஆன் நகரில் தொடங்கி, லூடிங், காங்டிங், லித்தாங், பாதாங் வழியாக மேற்கே செல்கிறது. இரண்டும் மார்க்காம் பகுதியில் நெருங்கி, அங்கிருந்து மீண்டும் பல கிளைகளாகப் பிரிந்து லாசாவை அடைகின்றன. இன்றைய நெடுஞ்சாலைகளில் ஜி214 முதல் தடத்தையும் ஜி318 இரண்டாம் தடத்தையும் ஏறத்தாழப் பின்பற்றுகின்றன.

வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நாள்கணக்குப் போட வேண்டாம். யாங்சியின் மேற்பகுதியான ஜின்ஷா, மேகாங்கின் மேற்பகுதியான லான்சாங், சால்வினின் மேற்பகுதியான நூ ஆகிய மூன்று ஆறுகள் இங்கே அருகருகே வடக்கிலிருந்து தெற்காக ஓடுகின்றன. மேற்கே போகிறவர் ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கி, அடுத்த ஆற்றுக்காக மீண்டும் ஒரு மலைத்தொடரையே ஏறியாக வேண்டும். பாதாங் ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாசாவுக்கு முன் கடக்க வேண்டிய தோங்தா கணவாயோ 5,000 மீட்டருக்கும் மேல்.

ஒட்டகத்திலா கொண்டுபோனார்கள், குதிரையிலா? யார் சுமந்தது?

யுன்னான் தடத்தில் பெரும்பாலும் கோவேறு கழுதைகள். லிஜியாங்கிலிருந்து லாசா போய்ச் சேர மூன்று நான்கு மாதங்கள் ஆயின. ஆகவே போய்த் திரும்புவதிலேயே ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. சாத்தின், அதாவது சேர்ந்து செல்லும் வணிகக் கூட்டத்தின், தலைமைக் கழுதைக்குச் சிவப்புக் குஞ்சங்கள் கட்டி, நெற்றியில் கண்ணாடி பதித்து, கழுத்தில் மணி மாட்டுவார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. ஒரு விலங்கு மட்டுமே செல்லக்கூடிய செங்குத்துப் பாறை விளிம்பில் இரண்டு சாத்துகள் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் யாரும் திரும்ப முடியாது. மணியோசை தொலைவிலேயே கேட்டால் ஒரு சாத்து அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்கும். மேகாங்கையும் சால்வினையும் கடக்கப் பல இடங்களில் பாலமே இருக்கவில்லை. கரைக்குக் கரை கட்டிய கயிற்றில் வெண்ணெய் தடவிய மரச் சறுக்குக் கட்டையை மாட்டி, அதில் மனிதரையும் மூட்டையையும், வயிற்றில் வார் கட்டிய கழுதையையும் தொங்கவிட்டு அனுப்பினார்கள்.

சிச்சுவான் தடத்தின் தொடக்கத்தில், யாஆனிலிருந்து காங்டிங் வரை, பெருஞ்சுமையைத் தூக்கியவர்கள் மனிதர்கள். மூங்கில் பாயில் சுற்றிய நீண்ட தேயிலைப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 60 முதல் 90 கிலோ வரை, சிலர் அதற்கும் மேலாக, முதுகில் ஏற்றி இரண்டு மூன்று வாரம் நடந்தார்கள். அவ்வளவு சுமையோடு உட்கார்ந்தால் மீண்டும் எழ முடியாது. அதனால் ஒவ்வொருவரும் இரும்புப் பூண் போட்ட, ஆங்கில ‘T’ எழுத்தைப் போன்ற தடி வைத்திருந்தார்கள். சுமையின் அடியில் அதை முட்டுக் கொடுத்து நின்றபடியே மூச்சு வாங்கினார்கள். காங்டிங்கில் வணிக விடுதிகளில் பேரம் முடிந்ததும் தேயிலையை ஈரமான யாக் தோலில் வைத்துத் தைத்தார்கள். தோல் காய்ந்து இறுகியதும் மழையும் பனியும் உள்ளே புகாது. அதன்பின் சுமை யாக்குகளுக்கு மாறியது.

பழைய பாதை இன்னும் மிச்சம் இருக்கிறதா, எல்லாம் தார்ச்சாலையாகிவிட்டதா?

பெரும்பகுதி சாலைக்கு அடியில் போய்விட்டது. 1954 டிசம்பரில் சிச்சுவான்-திபெத் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு, மாதங்கள் எடுத்த பயணம் சரக்குந்தில் சில வாரங்களாகச் சுருங்கியது. சாத்துகள் படிப்படியாக நின்றுபோயின. ஆனால் துண்டு துண்டாக நிறைய எஞ்சியிருக்கிறது. யாஆன் மலைப்பகுதியின் சில கற்படிகளில், மேலே சொன்ன தடிகளின் இரும்பு நுனி பல தலைமுறைகளாகக் குத்திக் குத்தி ஏற்படுத்திய குழிகளை இன்றும் பார்க்கலாம். கட்டைவிரலை விட்டால் உள்ளே போகும் அளவுக்கு ஆழமானவை உண்டு. மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் நீர் நிற்கும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எந்தப் பொருளும் அந்த வணிகத்தின் பாரத்தை இவ்வளவு நேராகச் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

ஊர்களில், யுன்னானின் ஷாசி முக்கியமானது. அதன் சந்தைச் சதுக்கத்தில் கோயில், நாடக மேடை, சாத்து விடுதிகள் மூன்றும் இன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. லிஜியாங் பழைய நகரம் 1997இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. கூட்டமும் கடைகளும் மிகுதி என்பதால் விடியற்காலையில் நடந்து பார்ப்பதே நல்லது. ஷாங்கிரி-லாவின் பழைய பகுதியான துகேசோங் 2014 ஜனவரியில் தீப்பிடித்துப் பெரிதும் அழிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அங்கே காணும் பழமையில் பெரும்பங்கு புதியது என்று தெரிந்து பார்க்க வேண்டும். லூடிங்கில் தாது ஆற்றின் மேல் 13 இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் பாலம் 1706இல் கட்டி முடிக்கப்பட்டது. தேயிலை சுமந்தவர்கள் கடந்த பாலம் அது.

அப்படியானால் முழுப் பாதையையும் நடந்தே போக முடியாதா?

முடியாது, முயலவும் வேண்டாம். சரக்குந்துகள் விரையும் நெடுஞ்சாலை ஓரத்தில் நாள்கணக்கில் நடப்பது பழைய பாதையில் நடப்பதாகாது. திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் வெளிநாட்டவருக்கு அப்படி நடக்க அனுமதியும் இல்லை. நல்ல துண்டுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் நடந்து, இடைப்பட்ட தூரத்தை வண்டியில் கடப்பதே சரியான வழி. லிஜியாங்குக்கு வடக்கே புலி பாயும் பள்ளத்தாக்கின் மேல்வழி இரண்டு நாள் நடை. ஷாசியைச் சுற்றியுள்ள மலைத்தடங்கள் அரை நாளுக்குப் போதும். தெச்சின் அருகே யுபெங் கிராமத்துக்குச் செல்லும் வழியில் மூன்று நான்கு நாள்கூடத் தங்கலாம். இவை மூன்றிலும் இன்றும் கழுதைகள் சுமை ஏற்றிச் செல்வதைக் காண வாய்ப்பு உண்டு.

முதல் முறை போகிறேன், இரண்டு வாரம்தான் விடுப்பு. எந்தத் தடம்?

யுன்னான் தடம், தயங்காமல். உயரம் படிப்படியாக ஏறுவது முதல் காரணம்: குன்மிங் 1,900 மீட்டர், டாலி ஏறக்குறைய 2,000, லிஜியாங் 2,400, ஷாங்கிரி-லா 3,200க்குச் சற்று மேல், தெச்சின் 3,400ஐ ஒட்டி. உடல் பழகுவதற்காகவே யாரோ அமைத்தது போன்ற வரிசை இது. குன்மிங்கிலிருந்து லிஜியாங் வரை விரைவு ரயில் உண்டு. 2023 நவம்பரிலிருந்து ஷாங்கிரி-லா வரைக்கும் ரயில் போகிறது. அங்கிருந்து தெச்சினுக்குப் பேருந்து அல்லது வாடகை வண்டி.

நாள்களைப் பங்கிடும்போது ஷாசிக்கு இரண்டு, லிஜியாங்குக்கு ஒன்று, பள்ளத்தாக்கு நடைக்கு இரண்டு, ஷாங்கிரி-லாவுக்கு இரண்டு என்று வைத்து, எஞ்சியதை முழுவதும் தெச்சினுக்கே கொடுங்கள். அங்கே காவாகர்போ பனிமலை இருக்கிறது. கீழே மேகாங் ஓரத்தில் சிசோங் கிராமத்தில் திபெத்தியக் கத்தோலிக்கர்களின் கல் தேவாலயமும் திராட்சைத் தோட்டமும் இருக்கின்றன. 1905 கலவரத்தில் எரிந்த பழைய தேவாலயத்துக்குப் பதிலாகப் பிரெஞ்சுப் பாதிரிமார் அதைக் கட்டினார்கள். தேயிலை போன வழியில் மதமும் திராட்சைக் கொடியும் போயின. லிஜியாங்கில் நான்கு நாள் தங்கிவிட்டுத் தெச்சினை ஒரே இரவில் முடிக்கும் திட்டங்களைச் சுற்றுலா நிறுவனங்கள் விற்கின்றன, அவற்றை வாங்காதீர்கள்.

திபெத்துக்குத் தனி அனுமதி வேண்டுமாமே? இந்தப் பாதைக்கும் அது தேவையா?

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திபெத்தியர் வாழும் நிலம் முழுவதும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இல்லை. ஷாங்கிரி-லா, தெச்சின் ஆகியவை யுன்னான் மாகாணத்திலும், காங்டிங், லித்தாங், பாதாங் ஆகியவை சிச்சுவான் மாகாணத்திலும் உள்ளன. இவற்றுக்குச் சீன விசா இருந்தால் போதும். திபெத் அனுமதி தேவையில்லை. ஜின்ஷா ஆற்றைத் தாண்டி மார்க்காம் வந்துவிட்டால், அல்லது தெச்சினுக்கு வடக்கே மாகாண எல்லையைக் கடந்தால், அது திபெத் தன்னாட்சிப் பகுதி.

அங்கே வெளிநாட்டவர் தனியாகச் சுற்ற முடியாது. பதிவு பெற்ற பயண நிறுவனம் உங்கள் கடவுச்சீட்டு, விசா நகல்களைக் கொண்டு திபெத் பயண அனுமதி வாங்க வேண்டும். வழிகாட்டியும் வண்டியும் முன்கூட்டியே அமர்த்தப்பட வேண்டும். தரைவழியாகக் கிழக்கிலிருந்து நுழைவதற்குக் கூடுதல் அனுமதிகளும் தேவைப்படும். நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்று வாரமாவது நேரம் கொடுங்கள். வழக்கமாகப் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய வெளிநாட்டவருக்கு அப்பகுதி மூடப்படுகிறது. சாம்தோ மாவட்டம், அதாவது மார்க்காமும் அதைச் சுற்றியுள்ள இடங்களும், முன்னறிவிப்பின்றி மூடப்படுவது உண்டு. சிச்சுவானின் கான்சே பகுதியிலும் சில ஊர்கள் வெளிநாட்டவருக்குத் திறந்திருப்பதில்லை. ஆகவே யுன்னான் பகுதியை முதன்மைத் திட்டமாக வைத்துக்கொண்டு, மேற்கே போவதைக் கிடைத்தால் நன்று என்ற அளவில் வையுங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் செல்வோருக்கு இதை அழுத்தியே சொல்வேன்.

என்னிடம் சிங்கப்பூர் கடவுச்சீட்டு. சீனாவுக்கு விசாவே வேண்டாம். திபெத்துக்கும் அப்படியே போகலாமா?

போக முடியாது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் சீனாவுக்கு 30 நாள் வரை விசா இன்றிப் போகலாம் என்பது உண்மை. யுன்னான், சிச்சுவான் தடங்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் திபெத் அனுமதி விசாவிலிருந்து வேறுபட்டது. முந்தைய விடையில் சொன்ன நிறுவனம், வழிகாட்டி, வண்டி ஆகிய ஏற்பாடுகள் உங்களுக்கும் பொருந்தும். 30 நாளுக்குள் திரும்பிவிடும்படியும் திட்டமிட வேண்டும். மண்சரிவில் வழி அடைபட்டால் இரண்டு நாள் கையிருப்பு இருப்பது நல்லது.

எந்த மாதம் போவது நல்லது?

மே மாதமும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியவும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மழைக்காலம். மேகாங் பள்ளத்தாக்கின் சரிவுகள் தளர்ந்த மண்ணும் கல்லுமானவை; சாலை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அடைபடும். மேகத்தால் பனிமலையும் தெரியாது. அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை; அறை வாடகை ஏறும், சாலை நெரிசல் தாங்காது. குளிர்காலத்தில் வானம் தெளிந்து காவாகர்போ மிக நன்றாகத் தெரியும். குளிரைத் தாங்குவோருக்கு அது நல்ல காலம், ஆனால் கணவாய்களில் பனி விழுந்தால் காத்திருக்க வேண்டும்.

மே, ஜூனில் மலைக்கிராமங்களுக்குப் போகிறவர்கள் வீடுகள் ஆளில்லாமல் இருப்பதைக் கண்டு வியப்பார்கள். யார்சாகும்பா எனப்படும் புழுப்பூஞ்சை தோண்டும் காலம் அது. குடும்பம் குடும்பமாக உயர்ந்த புல்வெளிகளுக்கு ஏறி, மண்ணோடு முகம் பதித்துத் தேடுவார்கள். பல வீடுகளின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அந்த வாரங்களில் கிடைப்பது. முதல் கேள்வியில் சொன்ன மூலிகை வணிகத்தின் இன்றைய தொடர்ச்சி அது.

உயரத்தில் மூச்சுத் திணறும் என்கிறார்கள். எனக்கு வருமா?

முன்கூட்டியே சொல்ல இயலாது. இளையவர், உடற்பயிற்சி செய்பவர், மாரத்தான் ஓடுபவர் என்ற எதுவும் காப்பில்லை. வேகமாக ஏறியவருக்கே அதிகம் வரும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் அடிப்படை விதிகள். பகலில் உயர்ந்த கணவாயைக் கடந்து இரவில் தாழ்ந்த இடத்தில் தங்குவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

தலைவலி, பசியின்மை, குமட்டல், உறக்கமின்மை வந்தால் அது மலைநோயின் தொடக்கம். ஏறுவதை நிறுத்தி அங்கேயே தங்க வேண்டும். குறையாவிட்டால் இறங்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சில் களகளவென்ற ஓசையோடு இருமல், தள்ளாடும் நடை, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அது உயிராபத்து. நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் குப்பி வழியில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அது சற்று ஆறுதல் தரும், இறங்குவதற்கு மாற்றாகாது. குழுவாகப் போகிறவர்கள் தலைவலியை மறைப்பதே பேராபத்து. மற்றவர்களின் திட்டம் கெட்டுவிடுமே என்று வாயைத் திறக்காமல் இருப்பார்கள். புறப்படும் முன்பே, யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் எல்லோரும் நிற்போம் என்று பேசி முடிவெடுங்கள்.

டயமாக்ஸ் போட்டுக்கொண்டால் நேராக லாசாவுக்குப் பறந்துவிடலாமே?

டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு, உடல் பழகுவதை விரைவுபடுத்த உதவும் மருந்து. உங்கள் மருத்துவர் சொன்ன அளவில், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லாசா 3,650 மீட்டரில் உள்ளது. கடல் மட்டத்திலிருக்கும் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்பி இரண்டு மூன்று நாளில் அங்கே இறங்குகிறவருக்கு மருந்து ஓரளவே கைகொடுக்கும். முந்தைய விடையின் விதிகள் மருந்து எடுப்பவருக்கும் உண்டு. யுன்னான் வழியாக மெல்ல ஏறும் தடமே சிறந்த மருந்து.

சைவ உணவு கிடைக்குமா?

முயன்றால் கிடைக்கும். சீன உணவகங்களில் காய்கறியும் தோஃபுவும் ஏராளம். ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் இறைச்சிச் சாறு சேர்ப்பதும் இயல்பு. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். ‘பன்றிக் கொழுப்பு, இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது’ என்று சீனத்தில் எழுதிய சீட்டை வைத்திருந்து காட்டுங்கள். திபெத்திய வீடுகளில் வறுத்த பார்லி மாவான த்சாம்பா, தயிர், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி ஆகியவை சைவர்களுக்கு ஏற்றவை. த்சாம்பாவைத் தேநீரும் வெண்ணெயும் விட்டுக் கிண்ணத்திலேயே விரலால் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள்.

பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போவது நல்லதே. அரிசி எடுத்துப் போய்ச் சமைக்க நினைப்பவர்கள், தெச்சின் உயரத்தில் தண்ணீர் 90 பாகைக்குக் கீழேயே கொதித்துவிடும் என்பதை அறிய வேண்டும். திறந்த பாத்திரத்தில் சோறு நடுவில் வேகாது; பிரஷர் குக்கர் தேவை. அங்குள்ள வீடுகளில் அது இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

வெண்ணெய்த் தேநீர் உப்பாக இருக்குமாமே. வேண்டாம் என்று சொன்னால் தவறாக நினைப்பார்களா?

கட்டித் தேயிலையை நன்றாகக் கொதிக்க வைத்து, யாக் வெண்ணெயும் உப்பும் சேர்த்து உயரமான மரக்குழாயில் கடைந்து ஊற்றுவார்கள். இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றம்தான். சூப் என்று எண்ணிக் குடித்தால் பிடித்துவிடும். கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பது அவர்கள் உபசாரம். போதுமென்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, விடைபெறும்போது குடித்து முடிக்கலாம். முதல் கிண்ணத்தையே மறுப்பது மட்டும் நன்றாக இராது.

தெச்சினிலிருந்து யான்ஜிங் உப்பளம் கிட்டத்தில்தானே? ஒரு டாக்சி பிடித்துப் போய் வந்துவிடலாமா?

தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் யான்ஜிங் மார்க்காம் வட்டத்தில், திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் இருக்கிறது. அனுமதி பற்றிய விடையில் சொன்ன அத்தனையும் பொருந்தும். வழியில் சோதனைச் சாவடி உண்டு. கூட்டிப்போகிறேன் என்று சொல்லும் ஓட்டுநரை நம்பாதீர்கள். மாட்டினால் அபராதமும் திருப்பி அனுப்பப்படுவதும் உங்களுக்கு. அவர் பிழைப்பே போய்விடலாம்.

முறையான அனுமதியோடு போக வாய்த்தால், முழு நாளை அதற்கே ஒதுக்குங்கள். மேகாங்கின் இரு கரையிலும், செங்குத்துச் சரிவில் மரக்கால்கள் நட்டு, அவற்றின் மேல் கட்டைகள் பரப்பி மண் பூசிய பாத்திகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஆற்றோரக் கிணறுகளிலிருந்து உவர்நீரை எடுத்து ஊற்றிக் காய வைக்கிறார்கள். முன்பெல்லாம் பெண்கள் மரக்குடத்தில் முதுகில் சுமந்து ஏற்றினார்கள். ஒரு கரையில் விளைவது வெள்ளை உப்பு. மறுகரையில் செம்மண்ணின் நிறம் ஏறிய சிவப்பு உப்பு. பாத்திகளுக்குக் கீழே குனிந்து பார்த்தால், கட்டை இடுக்குகளில் கசிந்த நீர் உறைந்து உப்புக் கூர்கள் தலைகீழாகத் தொங்கும். வசந்த காலமே நல்ல விளைச்சல் காலம். மழையில் ஆறு பெருகிக் கிணறுகளை மூடிவிடும். தேயிலை வணிகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; அந்தத் தேநீரில் கலந்த உப்பும் இந்தப் பாதையில்தான் போனது.

காவாகர்போ மலையில் ஏற முடியுமா? கிரிவலம் போலச் சுற்றி வரலாமாமே?

ஏறக்கூடாது. 6,740 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் இதுவரை யாரும் கால் வைத்ததில்லை. திபெத்தியர்களுக்கு அது தெய்வம். 1991 ஜனவரியில் ஜப்பானிய-சீனக் குழுவினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அவர்களின் உடல்கள் ஆண்டுகள் கழித்து மிங்யோங் பனியாற்றின் வழியே கீழே வந்தன. பின்னர் மலையேற்றம் தடை செய்யப்பட்டது.

சுற்றி வரலாம், அதில் இரண்டு வகை. வெளிச்சுற்று பல நாள் நடை. திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் நுழைந்து திரும்புவதால் வெளிநாட்டவருக்கு அனுமதிச் சிக்கல் உண்டு. யுபெங் கிராமத்தையும் புனித அருவியையும் சேர்ந்த உட்சுற்று யுன்னானுக்குள்ளேயே முடிகிறது, அதற்குத் தடையில்லை. வலமாகவே நடக்க வேண்டும். வேண்டுதல் கற்குவியல்களையும் கொடிகளையும் தொடாமல், தாண்டாமல் செல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் திபெத்திய ஆட்டு ஆண்டில் இந்த மலையைச் சுற்றுவது மிகுந்த புண்ணியம் என்பது நம்பிக்கை. அடுத்த ஆட்டு ஆண்டு 2027. அவ்வாண்டில் கூட்டம் பெருகும், தங்குமிடம் கிடைப்பது அரிதாகும்.

கைலாய யாத்திரையோடு சேர்த்து இதையும் பார்த்துவிடலாமா?

முடியாது. கைலாயம் திபெத்தின் மேற்குக் கோடியில், லாசாவிலிருந்தே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்தப் பாதையோ கிழக்குக் கோடி. இந்திய அரசின் யாத்திரை லிபுலேக், நாதுலா வழிகளில் குழுவாகச் சென்று குழுவாகவே திரும்பும் ஏற்பாடு. இடையில் பிரிந்து வேறிடம் போக வழியில்லை. இரண்டையும் தனித்தனிப் பயணமாகவே எண்ணுங்கள்.

இந்தியாவுக்கும் இந்தப் பாதைக்கும் ஏதாவது தொடர்பு இருந்ததா?

நேரடியான, பெரிய தொடர்பு இருந்தது. லாசாவிலிருந்து கியான்ட்சே, சும்பி பள்ளத்தாக்கு, ஜெலெப் லா கணவாய் வழியாக, இன்றைய மேற்கு வங்கத்தில் உள்ள கலிம்போங் வரை திபெத்தியக் கம்பளி இறங்கியது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாச் சாலையை அடைத்ததும், சீனாவின் தென்மேற்குக்குத் துணி, மருந்து போன்ற சரக்குகள் வரத் தரைவழி அரிதாகிவிட்டது. அப்போது கலிம்போங்கில் ஏற்றிய மூட்டைகள் லாசாவைத் தொட்டு, இந்தப் பழைய பாதையிலேயே கிழக்கு நோக்கி லிஜியாங் வரை வந்தன. தேயிலை மேற்கே போன வழியில் இந்தியச் சரக்கு கிழக்கே வந்தது. அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் லிஜியாங் வணிகர்கள் கண்ட செழிப்பு அதற்கு முன்பும் பின்பும் இல்லாதது.

பணம், போன் எல்லாம் எப்படி?

அலிபே அல்லது வீசாட் பே செயலியில் உங்கள் வெளிநாட்டு அட்டையை ஊரிலேயே இணைத்துச் சோதித்துவிடுங்கள்; மலைக்கிராமங்களிலும் அதையே எதிர்பார்ப்பார்கள். ஓரளவு ரொக்கமும் வேண்டும். கூகுள், வாட்ஸ்அப் ஆகியவை அங்குள்ள இணையத்தில் இயங்கா. உங்கள் நாட்டு ரோமிங் சிம்மில் பெரும்பாலும் இயங்கும். கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். தங்கும் ஒவ்வொரு இடத்திலும் பதிவு செய்வார்கள்.

அங்குள்ளவர்களிடம் தலாய் லாமாவைப் பற்றி, அரசியலைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்காதீர்கள். நீங்கள் சில நாளில் ஊர் திரும்பிவிடுவீர்கள். பேசியதன் விளைவு பேசியவரையே சேரும். வழிகாட்டி, விடுதிக்காரர், துறவி ஆகியோர் எல்லோரும் உங்கள் பொருட்டு விசாரிக்கப்படலாம். தலாய் லாமாவின் படம், அவர் நூல்கள், திபெத்தியக் கொடி ஆகியவற்றைப் பையிலோ கைப்பேசியிலோ எடுத்துச் செல்ல வேண்டாம். அவர்களாகவே ஏதேனும் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பெயரோடும் ஊரோடும் படத்தோடும் வெளியிடாதீர்கள். காவல் சாவடி, ராணுவ வண்டி ஆகியவற்றைப் படம் எடுப்பதும் கூடாது. அவர்களோடு பேசுவதற்கு வேறு நிறைய இருக்கிறது: இந்த ஆண்டுப் பார்லி எப்படி, யாக் எத்தனை ஈன்றது, யார்சாகும்பா என்ன விலை போனது, தாத்தா கழுதைகளோடு எதுவரை போனார் என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குச் சில வீடுகளில், பரணிலிருந்து பழைய சேணத்தையோ பித்தளை மணியையோ இறக்கிக் காட்டுவார்கள்.